பிள்ளையின் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பறிக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வாசித்த பிறகு எங்களோடு சண்டை பிடிக்க வேண்டுமென்றால் கீழே கொமென்ட்டில் பிடியுங்கள், பதில் சொல்கிறோம். வாசிக்காமல் பிடிக்க வேண்டாம்.

ஒக்டோபர் வருகிறது. 1ஆம் திகதி சிறுவர் தினம், 6ஆம் திகதி ஆசிரியர் தினம். அந்த ஒரு கிழமைக்குள் எங்கள் மேசைகளில் வந்து குவியும் வாழ்த்து அட்டைகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இரண்டு பெருநாளைக்கும் ஊரில் பிள்ளைகளுக்கு வைக்கும் "வாழ்த்து அட்டைப் போட்டி"களும் இதற்குள் வரும்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்த அட்டைகளில் பெரும்பாலானவை பிள்ளைகள் செய்தவை அல்ல. ஒரு பகுதி கடையில் வாங்கியது. இன்னொரு பகுதி உம்மா இரவு பன்னிரண்டு மணி வரை விழித்திருந்து செய்தது. வேறொரு பகுதி ராத்தாவோ சாச்சியோ செய்தது. இப்போது புதிதாக, காசு கொடுத்து ஓடர் பண்ணிச் செய்விக்கும் பழக்கமும் வந்திருக்கிறது. பிள்ளை செய்த வேலை ஒன்றே ஒன்று: அதைக் கசங்காமல் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கையில் தந்தது.

இது நிற்க வேண்டும். ஏன் என்று கேளுங்கள்.

உங்கள் அன்பை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, பிள்ளை நித்திரையான பிறகு குந்திக்கொண்டு கடதாசிப் பூ ஒட்டுகிற ஒரு உம்மாவின் மனசு எங்களுக்கு விளங்கும். ஆனால் அந்த அட்டையை வாங்கும்போது நாங்கள் என்ன சொல்ல வேண்டும்? "மிச்சம் நல்லா இருக்கு மகன், நீங்களா செஞ்ச?" என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? "ஓம் டீச்சர்" என்று சொன்னால் பொய். "இல்ல டீச்சர், உம்மா செஞ்ச" என்று சொன்னால் பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஒரு வாழ்த்து அட்டைக்காக ஒரு பிள்ளையை இந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோமே, இது தேவையா?

பிள்ளை செய்தது எது, பெரியவர் செய்தது எது என்று எங்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தரம் 2 பிள்ளை வளைவு வெட்டினால் அந்த வளைவு சின்னச் சின்ன நேர்கோடுகளாகத்தான் வரும். கடதாசியைத் திருப்பாமல் கையைத் திருப்பி வெட்டுவதால் வருகிற வெட்டு அது. பசை ஓரத்தால் பிதுங்கியிருக்கும். எழுத்து முதலில் பெரிதாகத் தொடங்கி, இடம் போதாமல் ஓரத்தில் நெருங்கிப் போய் ஒட்டிக்கொள்ளும். "ஆசிரியர்" என்பதில் ஒரு எழுத்து விடுபட்டு மேலே சின்னதாகச் சேர்க்கப்பட்டிருக்கும். இவ்வளவும் இருந்தால் அது பிள்ளையின் அட்டை. நாங்கள் எடுத்து வைத்துக்கொள்வதும் அதைத்தான்.

இனி வகுப்பறையில் நடப்பதைச் சொல்கிறோம். ஆசிரியர் தினத்தன்று அட்டை கொடுக்கும் வரிசையைப் பார்த்தாலே எந்த வீட்டில் என்ன வசதி என்று சொல்லிவிடலாம். முன்னால் மினுக்குத்தூள் கொட்டிய பெரிய அட்டைகள், ரிப்பன், முத்து, பிளாஸ்டிக் உறை. பின்னால் போகப் போகச் சின்னதாகும். கடைசியில் ஒன்றுமில்லாமல் நிற்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அன்று பாடசாலைக்கே வராமல் விடும் பிள்ளைகளும் உண்டு. ஒருமுறை தரம் 4 மாணவன் ஒருவன் எல்லோரும் கொடுத்து முடியும்வரை தன்னுடையதைப் பைக்குள்ளேயே வைத்திருந்தான். மணி அடித்து எல்லோரும் போன பிறகு கேற்றடியில் வைத்துத்தான் தந்தான். தேயிலைப் பெட்டியைப் பிரித்து, உட்பக்கத்தை வெளியே வரும்படி மடித்துச் செய்தது. திறந்தால் உள்ளேயிருந்து ஒரு மினாரா எழும்பி நின்றது. யாரும் சொல்லிக் கொடுக்காமல், பழைய வாழ்த்து அட்டை ஒன்றைப் பிரித்துப் பார்த்துத் தானாகக் கண்டுபிடித்திருந்தான். அந்த வகுப்பில் அன்று செய்யப்பட்டதிலேயே ஆகக் கெட்டித்தனமான வேலை அது. அதை ஒளித்துத் தர வேண்டும் என்று அவனுக்கு எது சொல்லிக் கொடுத்தது? மற்ற மேசையில் மினுங்கிக்கொண்டிருந்த அட்டைகள்தான்.

போட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில பாடசாலைகளிலும் சில அமைப்புகளிலும் வைக்கும் வாழ்த்து அட்டைப் போட்டிகளில் எது அதிகமாக மினுங்குகிறதோ அதற்குத்தான் முதலிடம். வெட்டி விற்கும் ஃபோம் பூ, ஒட்டி விற்கும் எழுத்து, ஸ்டிக்கர் பிறை. பிள்ளை எதை மடித்தது, எதை அளந்தது என்று நடுவர்கள் யாரும் கேட்பதில்லை. தானாகச் செய்த பிள்ளைக்கு "பங்குபற்றியமைக்கான சான்றிதழ்". அந்தப் பிள்ளை அன்று படித்த பாடம் என்ன? அடுத்த முறை உம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான். போட்டி நடத்துவோரே, பிள்ளைகளை மண்டபத்தில் இருத்தி, எல்லோருக்கும் ஒரே கடதாசியைக் கொடுத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் செய்யச் சொல்லுங்கள். முடியாதென்றால் போட்டியே வைக்காதீர்கள்.

"இதெல்லாம் விளையாட்டு வேலை, இதற்கு இவ்வளவு பெரிய பதிவா?" என்று சிலர் கேட்பீர்கள். அந்த எண்ணத்தோடுதான் எங்களுக்குச் சண்டை.

கடதாசி மடிப்பதும் வெட்டுவதும் பின்னுவதும் கல்விக்குள் வந்து நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது. ஜேர்மனியில் 1837 இல் சிறுபிள்ளைகளுக்கான நிலையத்தைத் தொடங்கி, பிறகு அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்த ஃப்ரோபல், கடதாசி மடித்தல், வெட்டுதல், பின்னுதல் மூன்றையும் பிள்ளைகளின் முறையான பயிற்சிகளில் சேர்த்தார். அந்தப் பயிற்சிகளைப் பார்த்துத்தான் சென்னையில் சுந்தர ராவ் என்பவர் 1893 இல் கடதாசி மடிப்பாலேயே கேத்திர கணிதம் கற்பிக்கும் புத்தகம் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கவராயம் இல்லாமல், வெறும் சதுரக் கடதாசியை மடித்தே பல்கோணிகளை உண்டாக்கிக் காட்டிய புத்தகம். நாம் "விளையாட்டு வேலை" என்று ஒதுக்குவதைப் பெரிய ஆட்கள் கணிதமாகப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் அனுபவமும் அதுதான். மடிப்பு நேராக வர ஓரத்தோடு ஓரத்தைப் பொருத்த வேண்டும். அதுதான் சமச்சீர். இரண்டாக மடித்து, அதை மறுபடி இரண்டாக மடித்தால் நாலிலொன்று, இன்னொரு தடவை மடித்தால் எட்டிலொன்று. பின்னம் என்ற சொல் வாயில் நுழைய முன்பே கையில் நுழைந்துவிடும். கத்தரிக்கோலைத் திறந்து மூடத் தெரிந்த விரல்தான் பேனையையும் அளவாகப் பிடிக்கும். எழுத்து அழகில்லை என்று எங்களிடம் முறைப்பாடு கொண்டுவரும் பெற்றோரிடம் நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் பிள்ளைக்குக் கத்தரிக்கோல் இருக்கிறதா? "ஐயோ, கையை வெட்டிக்கும்" என்கிறீர்கள். அதே கையில் போனைக் கொடுத்திருக்கிறீர்கள்.

இதில் புலமைப்பரிசிலை இழுக்காமல் முடியாது. தரம் 5 பரீட்சை என்று சொல்லித் தரம் 3 இலிருந்தே சித்திரப் பாடவேளையும் ஆக்கச் செயற்பாட்டு நேரமும் பயிற்சி வினாத்தாள்களுக்குப் போய்விடுகிற இடங்கள் இருக்கின்றன. பின்னேரம் டியூஷன், மஃரிபுக்குப் பிறகு குர்ஆன் மத்ரசா, இரவு வீட்டு வேலை. பிள்ளைக்குக் கையால் ஒன்றைச் செய்ய நேரமே இல்லை. அதனால்தான் அட்டையை உம்மா செய்ய வேண்டி வருகிறது. உம்மாவைக் குறை சொல்லுவதோடு நாங்கள் நிறுத்தவில்லை. அந்த நேரத்தைப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பாடசாலைகளையும் கேட்கிறோம்.

நமது ஊர்ப்பக்கம் கைவேலை தெரியாத ஊர்ப்பக்கமா? மருதமுனைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது தறி. இந்தக் கரையோரம் முழுக்கப் பன் வெட்டிக் காயவைத்து, சாயம் போட்டு, பாய் இழைத்த பெண்கள் எத்தனை பேர்! எங்கள் உம்மம்மாமார் கணக்குப் புத்தகம் பார்த்தவர்கள் அல்ல. ஆனால் எத்தனையாவது பன்னில் நிறம் மாற வேண்டும், எத்தனை தாண்டினால் பூ விழும் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இழைப்பார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கடதாசியை நேராக மடிக்கத் தெரியவில்லை. பாயும் பிளாஸ்டிக் ஆகிவிட்டது, வாழ்த்தும் வட்ஸ்அப்பில் போகிறது.

வட்ஸ்அப் என்றதும் ஞாபகம் வருகிறது. பெருநாள் காலையில் நமது போனுக்கு எத்தனை "ஈத் முபாரக்" படம் வருகிறது? அதில் எத்தனை நமது பெயர் போட்டு வந்தது? ஒரே படம் நாலு குரூப்பில் வரும். அனுப்பியவர் அதை முழுதாகத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். இதே ஊரில் ஒரு காலம் பெருநாளைக்கு முந்தித் தபாற்காரரை எதிர்பார்த்து நின்றோம். அந்தக் காலம் திரும்பி வராது, வரவும் வேண்டாம். ஆனால் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற வாப்பாமாருக்கு, உம்மாமாருக்கு, அவர்களின் பிள்ளை தன் கையால் மடித்து, தன் எழுத்தில் நாலு வரி எழுதிய ஒன்று, ஊரிலிருந்து போகிற யாரோ ஒருவரின் பையில் போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும்? கேட்டுப் பாருங்கள். அறையில் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருப்பார்கள். ஃபோர்வர்ட் படத்தை யாரும் சுவரில் ஒட்டுவதில்லை.

"கார்ட் கொடுப்பது நமது வழக்கமா? அது அவர்களின் வழக்கம்தானே" என்று ஒரு கேள்வியும் வரும். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை அல்ல, அதை உலமாக்களிடம் கேளுங்கள். வரலாற்றை மட்டும் சொல்கிறோம். கடையில் விற்ற முதல் கிறிஸ்மஸ் அட்டை லண்டனில் 1843 இல் வந்தது. ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹோர்ஸ்லியைக் கொண்டு வரைவித்து அச்சடித்தார். நண்பர்களுக்கெல்லாம் கையால் கடிதம் எழுத நேரமில்லாத ஒரு மனிதர் கண்டுபிடித்த குறுக்குவழி அது. ஆகவே "அவர்களிடமிருந்து வந்தது" என்று எதையாவது சொல்வதென்றால் அச்சடித்துக் கடையில் விற்கும் அட்டையைச் சொல்லுங்கள். ஒரு கடதாசியில் கையால் ஸலாமும் துஆவும் எழுதி அன்பானவருக்குக் கொடுப்பதற்கு எந்த ஊரும் உரிமை கொண்டாட முடியாது. பெருநாளன்று வாயால் "தகப்பலல்லாஹு மின்னா வமின்கும்" என்று சொல்வதைப் பிள்ளை கையால் எழுதிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். உருவப்படம் வேண்டாம் என்பவர்களுக்கும் கடதாசி வேலையில் கஷ்டமில்லை. பிறை, நட்சத்திரம், பூ, விளக்கு, மினாரா, பின்னல் என்று எத்தனையோ இருக்கிறது.

"இது பொம்பிளப் பிள்ளைகள்ட வேலை" என்று சொல்லி மகனை எழுப்பிவிடும் வாப்பாமாருக்கு ஒரு கேள்வி. தையற்கடை வைத்திருப்பவர் யார்? மேசன் யார்? தச்சன் யார்? எல்லோரும் அளந்து, கோடு போட்டு, வெட்டிப் பொருத்துகிறவர்கள்தானே. பொடியன் ஒன்பது வயதில் கடதாசியில் அளந்து பழகினால் உங்களுக்கு என்ன நட்டம்?

செலவுக் கதைக்கு வருவோம். 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டதை மறந்துவிட்டோமா? டொலர் இல்லை, அதனால் கடதாசி இல்லை, மையும் இல்லை. வைக்கோலையும் கழிவுக் கடதாசியையும் கூழாக்கித் தாள் செய்த ஆலை ஒன்று நமக்குப் பக்கத்தில் வாழைச்சேனையில் 1950களிலிருந்து இருந்தது. அது எத்தனை வருடம் மூடிக் கிடந்தது என்று கிழக்கில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கடதாசி என்பது வானத்திலிருந்து விழுகிற பொருள் அல்ல என்று அந்த வருடம் படித்தோம். படித்ததை மறந்து, இன்று பிள்ளைக்கு ஒரு அட்டை செய்யப் புதிதாக இரண்டு பிரிஸ்டல் போர்ட், ஃபோம் ஷீற், மினுக்குத்தூள், ஒட்டும் துப்பாக்கி என்று பட்டியல் போடுகிறோம். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில், கடலுக்குப் போகிற அல்லது கூலி வேலை செய்கிற வாப்பா இந்தப் பட்டியலைப் பார்த்து என்ன செய்வார்?

மினுக்குத்தூள் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் தூளாக்கிய பிளாஸ்டிக். கழுவினால் வாய்க்காலுக்குப் போகும், பிறகு கடலுக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஒக்டோபரிலிருந்து உதிரிப் பிளாஸ்டிக் மினுக்குத்தூள் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டது. நமது மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் செத்துக் கிடந்த படத்தை 2022 ஜனவரியில் உலகமே பார்த்தது. குப்பை எங்கிருந்து போகிறது? நமது வீடுகளிலிருந்துதான். ஒக்டோபர் 7ஆம் திகதி பாடசாலைகளின் குப்பைத் தொட்டிகளை வந்து பாருங்கள். அட்டைகளின் பிளாஸ்டிக் உறை, ரிப்பன், முத்து எல்லாம் அங்கே கிடக்கும்.

"கடைக்காரர் பிழைக்க வேண்டாமா?" நல்ல கேள்வி. பிழைக்க வேண்டும். கடைக்காரரிடம் கத்தரிக்கோல் வாங்குங்கள், அடிமட்டம் வாங்குங்கள், நிறப் பென்சில் வாங்குங்கள். வருடம் முழுக்க உதவும். ஒருநாள் அட்டையை விட அதில் அவருக்கும் நட்டமில்லை, உங்களுக்கும் நட்டமில்லை.

இனி, "சரி டீச்சர், எப்படிச் செய்கிறது?" என்று கேட்பவர்களுக்காக. எல்லாம் வீட்டில் இருப்பதை வைத்தே செய்யலாம்.

அட்டைக்கு: எல்லா வீட்டு அலுமாரியிலும் பழைய கலியாணக் கார்ட் ஒரு கட்டு இருக்கும். தடித்த, நல்ல நிறமான மட்டை. பிஸ்மியும் ஆயத்தும் அச்சான பகுதியை முதலில் பெரியவர்கள் வெட்டி மரியாதையாக எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தைப் பிள்ளையிடம் கொடுங்கள். கலண்டரின் பின்பக்கம், சேட் பெட்டி, தேயிலைப் பெட்டி, முடிந்த கொப்பியின் மட்டை எல்லாம் உதவும். உள்ளே எழுத ஏ4 தாள் ஒன்று போதும். அதைப் பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் இரண்டு அட்டை. ஏ4 தாளைப் பாதியாக்கினாலும் அதே வடிவம்தான் வரும், மறுபடி பாதியாக்கினாலும் அதே வடிவம்தான். இதைப் பிள்ளையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், அதிசயப்படும்.

மடிப்புக்கு: தடித்த மட்டையை அப்படியே மடித்தால் வெடிக்கும். மை முடிந்த பேனையை எடுத்து, அடிமட்டத்தை வைத்து, மடிப்பு வரவேண்டிய இடத்தில் அழுத்திக் கோடு இழுங்கள். பிறகு மடித்தால் கத்தி போல நிற்கும். இன்னொன்று: மட்டையை ஒரு பக்கமாக வளைத்தால் இலகுவாக வளையும், மற்றப் பக்கமாக வளைத்தால் முரண்டு பிடிக்கும். உள்ளே நார் ஓடுகிற திசை அது. இலகுவாக வளைகிற திசையிலேயே மடிப்பு வரட்டும். பத்திரிகைத் தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகக் கிழிவதும் மற்றப் பக்கமாகக் கிழித்தால் கோணலாகப் போவதும் இதனால்தான்.

எழும்பி நிற்கும் அட்டைக்கு: தாளை இரண்டாக மடியுங்கள். மடிப்பு ஓரத்திலிருந்து உள்நோக்கி 3 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு வெட்டு, இரண்டுக்கும் இடையில் 2 சென்ரிமீற்றர். தாளைத் திறந்து அந்தத் துண்டை உட்பக்கமாகத் தள்ளி மறுபடி மூடுங்கள். திறந்தால் ஒரு சின்னப் பெட்டி எழும்பி நிற்கும். அதன் முகத்தில் மினாராவையோ பூவையோ பிறையையோ ஒட்டுங்கள். ஒரு விதி இருக்கிறது: வெட்டின் நீளம் மூடிய அட்டையின் அகலத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மூடும்போது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஏன் என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம். பிள்ளை ஒரு தடவை பிழைக்க வெட்டிப் பார்த்தால் தானாகப் பிடிபடும்.

நட்சத்திரத்துக்கு: ஒரே அளவில் இரண்டு சதுரம். ஒன்றின் மேல் மற்றதைச் சாய்த்து வைத்து, மேல் சதுரத்தின் மூலைகள் கீழ்ச் சதுரத்துப் பக்கங்களின் நடுவுக்கு நேராக வரும்படி ஒட்டுங்கள். எட்டு முனை நட்சத்திரம். பள்ளிவாசல் அலங்காரங்களில் நாம் பார்த்துப் பழகிய அதே வடிவம்.

பாய் அட்டைக்கு: தாளை இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் வெட்டிக்கொண்டு போங்கள். எதிர் ஓரத்துக்கு 2 சென்ரிமீற்றர் இருக்கும்போது நிறுத்துங்கள். விரித்து, வேறு நிறக் கீலங்களை ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று கோர்த்துக்கொண்டு போங்கள். அடுத்த கீலம் எதிர்மாறாக. உம்மம்மா இருந்தால் பக்கத்தில் இருத்துங்கள். இரண்டு தாண்டி ஒன்று பிடிக்கும் பின்னலை அவரே சொல்லித் தருவார்.

சுருட்டுப் பூவுக்குக் கடையில் ஒரு ஊசி விற்கிறார்கள். வேண்டாம். தென்னை ஈர்க்கின் நுனியைச் சற்றுப் பிளந்து, அரைச் சென்ரிமீற்றர் அகலக் கீலத்தை அதில் கொளுவிச் சுருட்டுங்கள். ஈர்க்கை உருவி, கொஞ்சம் தளரவிட்டு, நுனியை ஒட்டுங்கள். ஒரு பக்கம் விரலால் நசித்தால் இதழ், இரண்டு பக்கமும் நசித்தால் இலை.

பசைக்கு: ஒரு பங்கு கோதுமை மா, நாலு ஐந்து பங்கு தண்ணீர். கட்டி இல்லாமல் கரைத்து, சின்ன நெருப்பில் துழாவிக் காய்ச்சினால் கண்ணாடி போல் வரும்போது இறக்குங்கள். ஆறிய பிறகு ஒட்டலாம். அவசரத்துக்குச் சோற்றுப் பருக்கையே போதும். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு பிளேட் கொடுக்க வேண்டாம்.

பெற்றோரின் வேலை இவ்வளவுதான்: பொருளை எடுத்துக் கொடுப்பது, பக்கத்தில் இருப்பது, கேட்டால் மட்டும் சொல்வது. கோணலாக வெட்டினால் "தா, நான் வெட்டித் தாறன்" என்று கையை நீட்டாமல் இருப்பது. இதில் கடைசியது கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும்.

ஆகவே, வருகிற ஒக்டோபருக்கு எங்கள் வேண்டுகோள்:

1. கடையில் வாங்கிய அட்டை, காசுக்குச் செய்வித்த அட்டை எங்களுக்கு வேண்டாம். பிள்ளை வெறுங்கையோடு வந்து ஒரு ஸலாம் சொன்னாலே போதும்.

2. பிள்ளை செய்த அட்டையில் பெரியவர் கை படக்கூடாது. எழுத்துப் பிழையும் அப்படியே இருக்கட்டும். அதைத் திருத்துவது எங்கள் வேலை, அதற்குத்தானே சம்பளம் எடுக்கிறோம்.

3. புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். மினுக்குத்தூளும் பிளாஸ்டிக் உறையும் வேண்டவே வேண்டாம்.

4. அதிபர்மாரிடமும் சக ஆசிரியர்களிடமும் கேட்கிறோம்: ஒக்டோபர் 6க்கு முந்திய கிழமையில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். வகுப்பில் எல்லோரும் ஒரே கடதாசியில், ஒரே பசையில் செய்யட்டும். ஒரு பக்கம் அச்சான பழைய பரீட்சைத் தாள்கள் எல்லாப் பாடசாலை அலுமாரியிலும் கிடக்கின்றன.

5. பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊர்ச் சங்கங்களும் பெருநாளைக்குப் போட்டி வைத்தால் மண்டபத்தில் இருத்தி வையுங்கள். செய்த பிள்ளையிடம் "இதை எப்படிச் செய்தாய்?" என்று நடுவர் கேட்கட்டும். அந்தப் பதிலுக்கும் புள்ளி கொடுங்கள்.

பழைய கலியாணக் கார்ட்கள் வீட்டில் மிஞ்சிக் கிடந்தால் எறியாதீர்கள். பிஸ்மி உள்ள பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தை உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு வகுப்புக்கு நாற்பது ஐம்பது கார்ட் இருந்தால் ஒரு தவணைக்குப் போதும்.

உங்கள் வகுப்பு வட்ஸ்அப் குரூப்பிலும் இதைப் போட்டுவிடுங்கள். மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள், பேசுவோம்.

வஸ்ஸலாம்.